அடுத்தவர் கதை கேட்டுப் பிழைப்பது எப்படி?

ஊரார் வாழ்க்கையைத் துருவினால் அதற்கு வம்பு என்று பெயர். அதுவே அச்சில் வந்தால் நிருபர் என்பார்கள். எந்தப் பத்திரிகையிலும் சம்பளமில்லாமல், ஈப்போவில் குடியிருந்துகொண்டு பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றி இந்தப் பிழைப்பை நடத்த ஆசைப்படுவோருக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சில வழிகள்:

1. விடிந்ததும் போங்கள். காலையில் ஆளெடுக்கும் பெரட்டு மணி நின்று எத்தனை வருடமானாலும் பால்மரம் வெட்டியவர் உடம்புக்குள் அது அடித்துக்கொண்டே இருக்கும். பத்து மணிக்குப் போய் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டால், மதியச் சமையலே முடிந்திருக்கும்.

2. லயத்து வீடுகளைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ நிற்கும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாரியம்மன் கோயில்தான். திருவிழாவன்று அன்னதான வரிசையில் நில்லுங்கள். புந்தோங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போன ஒரு தோட்டமே இலை போட்டு உட்கார்ந்திருக்கும்.

3. பேட்டிக்குத் தயாராகுங்கள். பேட்டி கொடுக்கப்போவது நீங்கள்தான். ‘யாரு வீட்டுப் பிள்ளை? எந்தத் தோட்டம்? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகல?’ இதில் தேறினால்தான் தே ஓ வரும். ‘தாத்தா என்ன வேலை பார்த்தாரு?’ என்பதற்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். கங்காணி என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு வரும் கதையில் கங்காணிகள் எல்லோரும் தங்கமானவர்களாகிவிடுவார்கள்.

4. பெரிய கேள்வி கேட்காதீர்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. ‘அதைப் பற்றிச் சொல்லுங்க ஐயா’ என்றால், அவருடைய பேரன் பாடப்புத்தகத்தில் படித்ததையே அவரும் சொல்வார். ‘அப்போ அரிசி எப்படிக் கிடைச்சது?’ என்று கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெண்களை முள்வேலி வாசலில் நிறுத்தி, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு அரிசி போகிறதா என்று சோதித்த கதை வரும்.

5. அண்ணாந்து பாருங்கள். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள் பேய் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித். தமிழ்த் தொழிலாளர்கள் காய்ச்சலில் கொத்தாகச் செத்தபோது, பிழைத்தவர்கள் கேட்டதற்காகக் கோயில் கட்டிக்கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் கோட்டை பாதியில் நின்றுபோனது. துரையின் பெயர் வழிகாட்டிப் பலகையிலேயே இருக்கிறது. சிலை வைத்த கை யாருடையது என்று தேடுவதுதான் நம் வேலை.

6. கிளம்புவதுபோல் கிளம்புங்கள். ஒலிப்பதிவை நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டி, மோட்டாரை உதைக்கும்போதுதான் பாட்டி கேட் வரைக்கும் வந்து, ‘ஒண்ணு சொல்றேன், எழுதிடாதே’ என்பார். இரண்டு மணி நேரம் கேட்டதில் அதுதான் கதை. அதை எழுதாதீர்கள்.

7. பணத்தைப் பற்றிப் பேசவேண்டாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகையே 2019இல் நின்றுபோனது. இந்தத் தொழிலை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

8. அச்சான பக்கத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள். உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் அப்படிப் படித்தபோது முதல் வரியிலேயே பாட்டி கையை நீட்டித் தடுத்தார். நான் எழுதியிருந்தது கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர். அங்கே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் தோட்டத்துக்கு வைத்திருந்த பெயர் வேறு.

ஆங்கிலப் பெயர் பழைய வரைபடத்தில் கிடைத்துவிடும். தமிழ்ப் பெயரை அவர்கள் வாயால்தான் கேட்கவேண்டும். அவர்களுக்கு வயதாகிறது. சீக்கிரம் போங்கள்.