விசயவாடாவுக்கு இன்னா அவசரம், தம்பி?

வா தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. கையில இன்னா அது, பத்திரிகையா? ஓ, புறா வாங்குன ரசீதா! ஜோடி இம்மாம் விலையா? இருக்கட்டும், இருக்கட்டும். உங்கப்பனா இருந்தா இந்தக் காசுக்கு ஒரு கறவை மாட்டை ஓட்டினு வந்திருப்பான். ஆனா கறவை மாட்டை ஸ்டேட்டஸ்ல வெச்சா எவன் பாக்குறான்?

கூண்டையும் வந்து பாத்தேன். மொட்டை மாடியில தகரக் கூரை, நாலு மூலைக்கும் கேமரா, முன்னாடி உன் பேரு போட்ட போர்டு. குறை சொல்ல முடியாது. காத்து வர ஒரு வழி வெக்கறதுதான் மறந்து போச்சு போல. உள்ள புறா வேவுது, கேமரா அதைத் தெளிவா படம் புடிக்குது.

அடுத்த வாரமே விசயவாடாவுக்கு ஏத்தினு போயி விடப்போறியாமே, உங்கம்மா சொன்னா. விடு ராசா, தாராளமா விடு. புறா வந்து சேந்துடும். உன் வீட்டுக்கு இல்ல, இந்த ரசீது எழுதிக் குடுத்தானே அவன் வீட்டுக்கு. ராயபுரத்து மாடியில கண்ணு தொறந்து அங்கியே றெக்கை பழகுன ஹோமர் புறா, பொன்னேரியில நீ முந்திரிப்பருப்பு போட்டாலும் ராயபுரத்துக்குத்தான் போவும். விக்கிறவனுக்கு இதைவிட நல்ல யாவாரம் எது? காசும் வந்துச்சு, சரக்கும் திரும்பி வந்துச்சு. அடுத்த மாசம் உனக்கே இன்னொரு தபா விப்பான், நீயும் புது ஜோடின்னு போட்டோ போடுவே.

இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பெரிய பெரிய ஆளுங்களுக்கே இதான் சட்டம். 2020 நவம்பர்ல பெல்ஜியத்துல நியூ கிம்னு ஒரு பொட்டைப்புறாவை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் எடுத்தாங்க. நம்ம காசுல 14 கோடி ரூபா சொச்சம். எடுத்தவர் சீனாக்காரர். அவரு அதைப் பந்தயத்துக்கா எடுத்தாரு? குஞ்சு எடுக்கத்தான். நீயும் அந்த ஜோடியைப் பூட்டியே வெச்சு முட்டை வெக்க விடு. உன் வீட்ல பொரிக்கிற குஞ்சுதான் உன் புறா. அதுவரைக்கும் நீ வெறும் சோறு போடுற ஆளு.

இன்னொண்ணும் கேட்டுக்க. தனுஷ் 'மாரி'யா வந்த 2015லேர்ந்து புறா வளக்க வர்ற பசங்க எல்லாம் ரெண்டு பந்தயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. காலையில விட்டா நம்ம தலைக்கு மேலயே மணிக்கணக்கா சுத்திக்கினு நிக்கிறது ஒரு சாதி. அதுக்கு எவ்ளோ நேரம் வானத்துல இருந்துச்சுன்னு கணக்கு. நீ வாங்கினது ஹோமரு. எங்கியோ கொண்டுபோயி விட்டா எவ்ளோ வேகமா வீடு வந்துச்சுன்னு கணக்கு. ஒவ்வொருத்தன் வீடும் ஒவ்வொரு தூரத்துல இருக்கறதால, முதல்ல வந்தவன் ஜெயிச்சான்னு கிடையாது. நிமிசத்துக்கு எத்தனை மீட்டர்னு வகுத்துப் பாக்கணும். நீ பள்ளிக்கூடத்துல வகுத்தல் கணக்குக்கு லீவு போட்டவன், அதை அப்புறம் பாப்போம்.

முட்டை ரெண்டு வெக்கும். பதினேழு, பதினெட்டு நாள்ல பொரிக்கும். ஆணும் பொட்டையும் ரெண்டுமே தொண்டைப் பையில பால் ஊற வெச்சுக் குஞ்சுக்கு ஊட்டும். ஆமா, ஆணும்தான். உன் பெரிம்மா காதுல இது விழுந்துடப் போவுது, மெதுவா பேசு. ஒரு வாரம் ஆச்சுன்னா காலுக்கு ரிங்கு போட்டுடணும். முன் விரல் மூணையும் சேத்து ரிங்குல நுழைச்சு, பின் விரலை மேல மடிச்சு, இழுத்து விட்டுடு. நாள் தள்ளிப்போனா பாதம் பெருத்துடும், ரிங்கு ஏறாது. நாலு வாரத்துல தாய்கிட்டேர்ந்து பிரிச்சுடு. கம்பு, சோளம், கோதுமை, பட்டாணி, கொஞ்சம் கல்லு மண்ணு. மிச்சர் பாக்கெட் வேணாம்.

பிரிச்ச நாள்லேர்ந்துதான் உனக்குப் பரீட்சை. கூண்டு வாசலுக்கு முன்னால கம்பி வலையில ஒரு சின்ன அறை வெச்சு, குஞ்சுங்களை அதுல உக்கார வை. உன் மாடி, எதிர்வீட்டுத் தென்னை, கோயில் கோபுரம், தண்ணி டாங்கு எல்லாத்தையும் அது பாத்துக்கினே இருக்கட்டும். வெயில் எந்தப் பக்கம் ஏறுது, எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாக்கட்டும். தினம் தீனி போடுறப்போ ஒரே மாதிரி விசில் அடி, தீனி டப்பாவைக் குலுக்கு. விசில் அடிச்சா சோறுன்னு அதுக்குப் பதியணும். நீ என்னடான்னா காலையில டப்பா நிறையக் கொட்டிட்டு வேலைக்குப் போயிடறே. வயிறு ரொம்புன புறாவுக்கு நீ யாரு? எதிர்வீட்டுக் கூரையில உக்காந்துக்கினு, நீ விசில் அடிச்சு அடிச்சு உதடு வீங்கறதை வேடிக்கை பாக்கும்.

முதல் தபா வெளிய விடறது சாயங்காலமா இருக்கட்டும், தீனி வெக்கறதுக்கு முன்னால, காத்து அடங்குன நேரமா. அதுவும் றெக்கை முத்தறதுக்கு முன்னாடியே. றெக்கை முத்துன பிறகு முதல் முதலா தொறந்து விட்டேன்னா ஒரே மூச்சுல மேல ஏறி, திரும்பி வர வழி தெரியாம எங்கியோ போயிடும். கதவைத் தொறந்து வெச்சுட்டு நீ தள்ளி நில்லு. கையால தூக்கி எறியாதே. அது கூரையில குந்தும், தத்தும், எட்டிப் பாக்கும், திரும்ப உள்ள வரும். பசிதான் அதுக்கு வாத்தியாரு.

இந்தப் பசி வித்தையை நான் சொன்னா கிழவன் உளர்றான்னுவே. ஒடிசா போலீஸ் செஞ்சு காட்டியிருக்காங்க. 1946ல கோராபுட்டுல பட்டாளத்துப் புறாவை வெச்சு ஆரம்பிச்சாங்க. 1948ல நேரு சம்பல்பூர்லேர்ந்து கட்டாக்குக்குச் சேதி அனுப்புனது இந்தப் புறா கால்லதான். அதுல ஒரு கூட்டத்தைப் போக வரப் பழக்கியிருந்தாங்க: கூடு ஒரு ஊர்ல, சாப்பாடு இன்னொரு ஊர்ல. சாப்பிடப் போறப்போ ஒரு சேதி, வீடு திரும்பறப்போ ஒரு சேதி. 1999 பெரும்புயல்ல கம்பி எல்லாம் அறுந்து கெடந்தப்பவும் புறாதான் சேதி சுமந்துச்சு. 2008ல அந்த வேலையை நிறுத்திட்டாங்க, செல்போன் வந்துடுச்சேன்னு. செல்போனுக்கும் வேளாவேளைக்குத் தீனி வெக்கணும், அதையும் நீ நல்லாத்தான் வெக்கறே.

ஒரு மாசம் மாடியைச் சுத்திச் சுத்திப் பறந்த பிறகு ஒரு நாள் கூட்டமாக் கிளம்பிக் கண்ணுக்கு மறைஞ்சுடும். அரைமணி, ஒரு மணி நேரம் ஆளே இருக்காது. நீ உடனே புறாவைக் காணோம்னு குரூப்புல எல்லாம் போட்டுடுவே, எனக்குத் தெரியும். போடாதே. அது ஊரைச் சுத்திப் பாக்கப் போயிருக்குது. நல்ல குறிதான் அது. அப்படி ரெண்டு மூணு வாரம் சுத்தட்டும். அப்புறம் கூடையில பழக்கு. கூண்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி கூடையில அடைச்சு வெச்சு, வெளிய மாட்டுன தொட்டியில கழுத்தை நீட்டித் தண்ணி குடிக்கக் கத்துக்குடு. இதைச் செய்யாதவன் புறாதான் பந்தய லாரியில தண்ணி பக்கத்துல இருந்தும் நாக்கு வறண்டு கெடக்கும்.

மூணு மாசம் ஆன பிறகுதான் டாஸ், அதாவது கூடையில தூக்கினு போயி தூரத்துல விட்டுப் பழக்கறது. வடக்கேதான் போவணும், மெட்ராஸ் பந்தயம் பெரும்பாலும் விசயவாடா போற ரயில் பாதையை ஒட்டித்தான். கிழக்கே கடலு, அங்க யாரும் கூடை தூக்கினு போக முடியாது. முதல்ல கவரைப்பேட்டை. என்ன மூஞ்சியைச் சுளிக்கறே, சைக்கிள்ல போயிட்டு வர்ற தூரம்னா? அதுக்கு அது அமெரிக்கா. அப்புறம் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை. புறநகர் ரயிலே சூலூர்ப்பேட்டை வரைக்கும் போவுது. ஒரே எடத்துல ரெண்டு மூணு தபா விட்டு, அலட்டிக்காம வந்துச்சுன்னாதான் அடுத்த ஸ்டேஷன். பிறகு நாயுடுபேட்டை, கூடூர், நெல்லூர், ஓங்கோல். விசயவாடா அதுக்கெல்லாம் அப்பால இருக்குது. அதுக்கும் அப்பால நாக்பூர், போபால்னு போறவனும் இருக்கான், அவன் புறா வேற, அவன் பொறுமை வேற. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும். நீ இன்னும் அடுப்பே பத்த வெக்கலை, இலையைப் போட்டுக்கினு உக்காந்திருக்கே.

ரயிலை விட்டு இறங்குன உடனே கூடையைத் தொறந்துடாதே. கால்மணி நேரம் வெட்டவெளியில வை. அது வானத்தைப் பாக்கட்டும், மூச்சு வாங்கட்டும். முதல்ல எல்லாத்தையும் கூட்டமா விடு. நாள் ஆவ ஆவ ரெண்டு ரெண்டா, பிறகு ஒண்ணொண்ணா. கூட்டத்துல பின்னாடியே பறந்து வந்ததுக்கு வழி தெரியும்னு நெனச்சுக்காதே. கூட்டாளி பேப்பரைப் பாத்து எழுதிப் பாஸானவன் நீ, உனக்கா சொல்லணும்? மார்கழிப் பனி விலகற வரைக்கும் விடாதே. மழை மூட்டத்துல விடாதே. பொழுது சாயறப்போ விடாதே, இருட்டுல புறா பறக்காது, கண்ட எடத்துல இறங்கிப் பூனைக்குச் சோறாவும்.

அதுக்கு எப்படித்தான் வழி தெரியுதுன்னு நீ கேக்கவே இல்ல. கேக்க மாட்டே, உனக்கு ஸ்பீடுதான் வேணும். செல்லு நோண்டறது எனக்கும் கொஞ்சம் வரும், படிச்சதைச் சொல்றேன். வெயில் இருந்தா சூரியனை வெச்சுத் திசை புடிக்குது. 1971ல அமெரிக்காவுல வில்லியம் கீட்டன்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் புறா மேல காந்தத்தை ஒட்டி விட்டுப் பாத்தாரு. பழகுன புறா வெயில் நாள்ல ஒழுங்கா வந்துச்சு, மேகமூட்டத்துல தடுமாறிச்சு. அதனால பூமியோட காந்தத்தையும் பாக்குதுன்னாரு. மறுவருசமே இத்தாலியில பீசாவுல பாப்பின்னு ஒருத்தர், இல்ல, காத்துல வர்ற வாசனையை மோந்துதான் வருதுன்னாரு. இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டுக்காரங்க புறா போற வழியைக் கருவி வெச்சுப் பாத்துட்டு, பழகுன வழியில ரோட்டைப் புடிச்சுக்கினு, ரோடு திரும்பற எடத்துல தானும் திரும்புதுன்னாங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள சண்டை இன்னும் ஓயலை. மூணும் சரியா இருந்தா நம்ம பக்கத்துப் புறாவுக்கு யோகம்தான்: தலைக்கு மேல வெயில், பழவேற்காடு ஏரி நாத்தம், கீழ ஜி.என்.டி. ரோடு. டோல்கேட்டும் கட்ட வேணாம்.

ஏரின்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஐப்பசி பொறந்தா பழவேற்காட்டுக்கு உள்ளான், வாத்துன்னு வடநாட்டுப் பறவை எல்லாம் வரும். அதுங்க பின்னாடியே பைரிங்கற வேட்டைப் பறவையும் வரும். மேலேர்ந்து பாயறப்போ மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உன் ஹோமரு நல்லாப் பறந்தா 70, 80. மிச்சக் கணக்கை நீயே போட்டுக்க. பைரி தலை காட்டுற எடத்துல தினம் ஒரே நேரத்துக்கு விட்டேன்னா அது ஓட்டல் திறக்கற நேரம் பாத்து வந்து உக்காந்துடும். எடத்தை மாத்து, நேரத்தை மாத்து, ஒண்ணொண்ணா விடறதை அந்தக் காலத்துல தள்ளிப் போடு. பைரிக்காவது பசி. கண்ணாடி மாஞ்சாவுல காத்தாடி விடறவனுக்கு இன்னா பசி? போன வருசம் நீயும் விட்டேன்னு கேள்விப்பட்டேன். இப்போ உன் சொந்தப் புறா பறக்குது, இனிமே விடமாட்டே.

எல்லாம் செஞ்சும் சிலது வராது. 1997ல பிரான்சுல நாந்த்துங்கற ஊர்லேர்ந்து இங்கிலாந்துக்கு ஒரு பெரிய பந்தயம், அறுபதாயிரம் புறா விட்டாங்க. ஆயிரக்கணக்குல வரவே இல்ல. கான்கார்டு விமானம் அந்த வழியில போட்ட வெடிச் சத்தத்துல குழம்பியிருக்கும்னு பின்னால ஒரு அறிவியல்காரர் ஊகம் சொன்னாரு. உனக்கு ஒண்ணு வரலைன்னா விமானத்து மேல பழி போடாதே. முந்தின நாள் தண்ணி வெச்சியான்னு முதல்ல பாரு.

வந்து சேர்ற நேரம்தான் பாக்கணும் உன் கூத்தை. மாடியில நீ, உன் சிநேகிதன் நாலு பேரு, ஆளுக்கொரு செல்லு, ஒரே விசிலு, ஒரே கத்தலு. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து வந்த புறா, இது நம்ம வீடு இல்லியோன்னு எதிர்வீட்டு டாங்கு மேல உக்காந்துக்கும். பந்தயத்துல வானத்துல தெரிஞ்ச நேரம் கணக்குல வராது. பந்தயத்துக்குன்னு மாட்டுற ரப்பர் ரிங்கைக் கழட்டி மணிப் பொட்டிக்குள்ள போட்ட நேரம்தான் கணக்கு. இப்போ சிப்பு வெச்ச மெஷினு வந்திருக்குது, அதுக்கும் புறா வாசப்பலகையை மிதிச்சு உள்ள போவணும். நெல்லூர்லேர்ந்து காத்தாப் பறந்து வந்துட்டு, வீட்டு வாசல்ல பத்து நிமிசம் உக்காந்து தோத்த புறா நம்ம பக்கத்துல எம்மாம் இருக்குது! அதனால புறா வர்ற நேரம் மாடியில ஒருத்தன்தான் இருக்கணும். அவனும் ஓரமா உக்காந்து ஒரே ஒரு விசில். உள்ள போன பிறகும் பாய்ஞ்சு புடிச்சு செல்ஃபி எடுக்காதே. நாலு தபா அப்படிப் புடிச்சேன்னா, வீட்டுக்குள்ள போனா இந்தப் பய புடிப்பான்னு அதுக்குத் தெரிஞ்சுபோவும். அப்புறம் எவ்ளோ பசிச்சாலும் கூரையை விட்டு இறங்காது. கொஞ்சம் தீனி, நல்ல தண்ணி, அமைதி. அவ்ளோதான் அதுக்கு நீ குடுக்கற கப்பு.

சரி, காப்பி ஆறிப்போச்சு, குடிச்சிட்டுக் கிளம்பு. முதல்ல அந்தக் கூண்டுல நாலு பக்கமும் வலை அடிச்ச ஜன்னல் போடு, பெருச்சாளி நுழையாத அளவுக்கு. கழுத்து திருகுற சீக்குக்குத் தடுப்பு மருந்து போடணும், கால்நடை டாக்டரைப் போயிப் பாரு. குஞ்சு பொரிச்சு மூணு மாசம் ஆனதும் வந்து சொல்லு, கவரைப்பேட்டைக்கு நானும் வர்றேன். ரெண்டு பேருக்கும் டிக்கெட் நீதான் எடுக்கணும்.