பாதியில் நிற்கும் கண்ணாடி தொடர்பாக ஒரு பணிவான மனு

அனுப்புநர்:
1992 மாடல் வண்டி ஒன்றை இன்னும் விற்காமல் வைத்திருப்பவன், கிளீவ்லாந்து, ஓஹாயோ.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள், பின்கதவுக் கண்ணாடிப் பிரிவு (அப்படி ஒன்று ஒரு காலத்தில் இருந்திருக்கும் என்ற நம்பிக்கையில்), மேற்படி வண்டியைச் செய்த கம்பெனி.

பொருள்: பின்கதவுக் கண்ணாடி நடுவழியில் நின்றுவிட்டது, மேலேயோ கீழேயோ போக உத்தரவு வேண்டுதல்.

பார்வை: "அந்தப் பாகம் தற்போது தயாரிப்பில் இல்லை" என்ற தங்கள் சேவைப் பிரிவின் ஒருவரி மின்னஞ்சல்.

ஐயா,

நான் பட்டா மாறுதலுக்கு அலைந்து பழகியவன். வி.ஏ.ஓ. கையெழுத்து இருந்தால்தான் ஆர்.ஐ. போடுவார், ஆர்.ஐ. போட்டால்தான் வி.ஏ.ஓ. போடுவார் என்கிற இடங்களில் என் இளமை கழிந்தது. அமெரிக்காவில் அதெல்லாம் கிடையாது என்று வந்தேன். வந்து தங்கள் வண்டியை வாங்கினேன்.

தங்கள் பின்கதவின் சட்டம் இது. கண்ணாடி முழுக்கக் கீழே இறங்கிக் கதவுக்குள் போனால்தான் கதவின் கைப்பிடி வேலை செய்யும். கதவு சரியாகச் சாத்தியிருந்தால்தான் கண்ணாடி நகரும்; தாழ்ப்பாளுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் அதைக் கண்காணிக்கிறது. கண்ணாடி பாதியில் நின்றாலோ கதவு திறக்காது. கதவைப் பிரித்து மோட்டாரைப் பார்க்கலாம் என்றால், அதை மூடியிருக்கும் தகட்டின் திருகாணிகள் கதவின் உள்பக்கம் இருக்கின்றன. ஆகவே பழுது பார்க்கிறவன் பின்சீட்டைத் தாண்டித் தவழ்ந்துபோய்க் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பாதித் திறப்பு வழியாகத் தலைகீழாகவும் இறங்கலாம். ஒருமுறை இறங்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடப் போனார்.

இன்னொன்று. பின்கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டாதே, புகைக்குழாயின் நச்சுக்காற்று உள்ளே இழுபடும் என்று தங்கள் கையேடு எச்சரிக்கிறது. உண்மைதான். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் கார்பன் மோனாக்சைடு சுழன்று உள்ளே வரும். ஆனால் பாதியில் நின்ற கண்ணாடியைத் திறந்தது என்பதா, மூடியது என்பதா? கையேட்டில் இல்லை.

சாவி இல்லாமல் கண்ணாடி நகரக் கூடாது என்கிற மாதிரி விதிகளை நான் கிண்டல் செய்யவில்லை. இந்நாட்டு மத்திய அரசின் 118ஆம் எண் பாதுகாப்புத் தரம் குழந்தைகள் கண்ணாடியில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. என் புகார் வேறு. போகாதே என்று சொல்ல இத்தனை பேரை நியமித்த தாங்கள், போ என்று சொல்ல ஒருவரைக்கூட வைக்கவில்லையே.

சோதனை விவரம் வருமாறு. சுவிட்சை அமுக்கினால் "ங்ங்ங்" என்று ஒரு சத்தம். கண்ணாடி இரண்டு அங்குலம் போய் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், சுவிட்சை அமுக்கியபடி மோட்டாரின் வாயில் 9. மீதி எங்கே போயிற்று? முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கருகிய சுவிட்ச், துருப்பிடித்த எர்த், கதவு மடங்குமிடத்தில் ரப்பருக்குள்ளேயே இழையிழையாக அறுந்த வயர் என்று ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் கரண்ட் கடைசிக்கு வருகிறது. இந்த நடைமுறை எனக்குப் புதிதல்ல.

அதனால் இடைத்தரகர்களை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக இரண்டு வயர் இழுத்தேன். மோட்டார் ஜோராகச் சுற்றியது. கண்ணாடி அசையவில்லை. கழற்றிப் பிரித்தால், பல்சக்கரத்துக்குள் இருக்க வேண்டிய மூன்று பிளாஸ்டிக் உருளைகளில் இரண்டு பொடியாகிக் கிடந்தன. கண்ணாடி முட்டி நிற்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள வைத்தவை. பல்லைக் காப்பாற்றிவிட்டுச் செத்திருக்கின்றன. யோசனை நல்ல யோசனைதான். கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் வெல்வெட் பட்டை வருஷா வருஷம் கட்டையாகிக்கொண்டே போகும், அந்தப் பாரமெல்லாம் இந்த மூன்று தலைகளில்தான் விழும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

துருவைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். அது ஊரின் வரம். ஈரி ஏரிக்குக் கீழே சுமார் 1,800 அடி ஆழத்தில் சுரங்கம் வைத்து உப்பெடுக்கிறார்கள். பனி உருகுவதற்காக இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கித் துருவாகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதிய என் மாமனார் ஜனவரியில் வந்திறங்கி, ஜன்னல் வழியாக உப்புக் கொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்ளே, இவங்க ரோட்டயே கருவாடு போடுறாங்களா?"

அவர்தான் எனக்கு உதவியாள். மோட்டாரைக் கழற்றுமுன் கண்ணாடியைத் தாங்கும் கையை இறுகக் கட்டச் சொன்னவரும் அவரே. சுருள்வில்லின் இழுப்பு இருக்கும்போது கட்டாமல் கழற்றினால், அந்தக் கை சட்டென்று வெட்டி விரலைக் கொண்டுபோய்விடும். "உப்பளத்து பம்புலயும் இதே வில்லுதான் மாப்ளே, நம்பாதீங்க" என்றார். என்ன பம்போ தெரியாது, விரல்கள் பத்தும் இருக்கின்றன.

உருளைகளுக்குப் பதில் மூன்று இரும்பு நட்டுகளைப் போட்டேன். அறுந்த வயரை மாற்றினேன். பள்ளத்தில் சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். கிரீஸ் வைத்தால் புழுதி ஒட்டிச் சாந்தாகிவிடும். இப்போது கண்ணாடி தானாகக் கீழே இறங்குகிறது. மேலே வர மட்டும், கட்டையாகிப்போன அந்தப் பட்டையின் காரணமாக, முன்னால் என் மனைவி சுவிட்சை அமுக்க, பின்னால் மாமா இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து மேலே தள்ள வேண்டியிருக்கிறது. மனைவி "விட்ரட்டுமா? விட்ரட்டுமாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பட்டைதான் பார்வையில் கண்ட, தயாரிப்பில் இல்லாத பாகம்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து இரண்டு கெஜம் வெல்வெட் பட்டை அனுப்பியுதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.

இணைப்பு: பிளாஸ்டிக் உருளைகள் மூன்று (ஒன்று முழுதாக, இரண்டு பொடியாக, சிறு காகிதப் பொட்டலத்தில்).

நகல்: குடியேற்றத் துறை – மேற்படி கண்ணாடியை மேலேற்றும் உள்ளங்கைகள் இரண்டின் விசா அடுத்த மாதம் முடிவதால், தக்க நடவடிக்கைக்காக.