மாத்திரைக்கு யார் மாலை போடுவது?

கேள்வி: கொழுப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள், கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்தாலும் அதிக காலம் வாழ்கிறார்களாமே?

பதில்: சில ஆய்வுகளில் வாழ்கிறார்கள். மாத்திரையால்தான் வாழ்கிறார்களா என்பதில்தான் தகராறு. 2015-ல் நியூயார்க் மருத்துவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, கர்ப்பப்பை உள்சுவரில் முரட்டு வகைக் கட்டி வந்தவர்களில் ஸ்டேட்டின் என்ற இந்தக் கொழுப்பு மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் இருந்ததாக எழுதினார்கள். பிறகு டென்மார்க்கில் நாடு முழுவதுக்குமான கணக்கையே எடுத்துப் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். புற்றுநோய்ச் சாவு குறைந்ததாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படவில்லை.

கேள்வி: கணக்கு எப்படி இப்படி முன்னுக்குப் பின் முரணாக வரும்?

பதில்: ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து டாக்டர் இந்த மாத்திரையை எழுதித் தருகிறார். ஆராய்ச்சிக்காரர் அவரை முதல் நாளிலிருந்தே மாத்திரைக் கட்சியில் சேர்த்துவிட்டால், அந்த இரண்டு வருடமும் அவர் சாகவே முடியாது. செத்திருந்தால் மருந்துச் சீட்டு ஏது? நடுவில் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சிக் கணக்கில்! மாத்திரை தொண்டைக்குள் இறங்கும் முன்பே ஆயுளைக் கூட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, உடல் மிகவும் நலிந்தவர்களுக்கு டாக்டர்கள் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தெம்பானவர்களாகவே தெரிவார்கள்.

கேள்வி: கொழுப்புக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: உடல் கொலஸ்டிராலைத் தயாரிக்கும் வழியில் ஒரு முக்கியமான என்சைமை ஸ்டேட்டின் மடக்குகிறது. செல்லைப் பெருகச் சொல்லும் சில புரதங்களுக்கு வேண்டிய சரக்கும் அதே வழியில்தான் வருகிறது. அது நின்றால் கட்டி வாடும் என்பது கணிப்பு. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுசெல்கள் சாகத்தான் செய்கின்றன. சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும்.

கேள்வி: இந்த மாத்திரையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

பதில்: ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, அரிசியில் பூத்த ஒன்றில் முதல் ஸ்டேட்டினைப் பிடித்தார். 2024-ல், 90 வயதில் மறைந்தார். உங்கள் வீட்டு அரிசியில் பூசணம் பிடித்தால் கொட்டிவிடுங்கள், சமைக்க வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்து ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஸ்டேட்டின் கேட்டு வாங்கட்டுமா?

பதில்: புற்றுநோய்க்காக என்றால் வேண்டாம். ஆனால் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். உடல் பருமனும் சர்க்கரையும் இந்த நோய்க்கு நெருங்கிய கூட்டாளிகள். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் தயாரித்து, கர்ப்பப்பை உள்சுவரைச் சும்மா இருக்கவிடாது. அதே பருமனும் சர்க்கரையும் இதயத்தையும் பதம் பார்க்கும். அமெரிக்கப் பதிவேடுகளை அலசியபோது, இந்தப் புற்றுநோய் வந்த பெண்களை அதிகம் கொண்டுபோனது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான் என்று தெரிந்தது. இதய நோயில் ஸ்டேட்டினின் யோக்கியதை நிரூபணமான விஷயம். 1994-ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரையும் மறுபாதிக்குப் போலியும் கொடுத்தார்கள். நிஜம் உயிர்களைக் காத்தது. கர்ப்பப்பைப் புற்றுநோயிலும் அப்படிக் குலுக்கிப் பார்த்து நிரூபிக்கட்டும், மாலையோடு நானே வருகிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. மாதவிடாய் நின்றுபோய்ப் பத்து வருடம் கழித்து மறுபடி லேசாக உதிரம் பட்டது. இளமை திரும்புகிறதோ?

பதில்: இல்லை அம்மா. ஒரு துளி பட்டாலும் காட்டியாக வேண்டிய அறிகுறி இது. பலருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். புற்றுநோயாகவே இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் மகளிர் நோய் மருத்துவரிடம் போயிருக்கலாம். நாளைக் காலையே போங்கள்.