பேராண்டிக்கு அறிவு 132!

ஏலே பேராண்டி, போன்ல என்னமோ பரீட்சை எழுதி, ஐக்யூ 132-ன்னு வந்துட்டுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? சந்தோஷம்லே. நம்ம குடும்பத்துல ரத்தக் கொதிப்புதான் அம்புட்டுக்கு ஏறும். அறிவு ஏறுனது இதுதான் மொத தடவை.

உன் நம்பரைக் குத்தம் சொல்ல வரலை. அடுத்த படம் எது, இந்த நாலுல சேராதது எதுன்னு பட்டுன்னு சொல்லுதவன் பள்ளிக்கூடத்துலயும் பொதுவா நல்லாத்தான் மார்க்கு வாங்குவான். அதுக்குத்தான இதை உண்டாக்குனதே. 1905-ல பாரிஸ்ல ஆல்ஃபிரட் பினேன்னு ஒருத்தர், வகுப்புல திணறுத பிள்ளைக யாரு, யாருக்குத் தனியாச் சொல்லிக் குடுக்கணும்னு பாக்கத்தான் இதைச் செஞ்சார். பொறந்தபடியேதான் புத்தி கெடக்கும், வளராதுன்னு பேசுனவங்களை அவரே கண்டிச்சிருக்கார். முழிக்காதலே, உங்க தாத்தா நூலகத்துக்குப் போறது ஃபேன் காத்துக்கு மட்டும் இல்ல.

ஆனா எது புத்தின்னு கேட்டா, அதுக்கு ஒரு கதை இருக்குலே. லைபீரியாவுல க்பெல்லேன்னு ஒரு சனம், வெவசாயிக. 1960-கள்ல அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க போயி, கத்தி, ஆரஞ்சு, கெழங்கு, மம்பட்டின்னு சாமான்களைப் பரப்பி, இனம் பிரிச்சு வைய்யின்னாக. திங்கிறது ஒரு குமி, ஆயுதம் ஒரு குமி; அவுக எதிர்பாத்தது அது. சம்சாரி என்ன செஞ்சான்? ஆரஞ்சுகிட்ட கத்திய வச்சான், அறுக்கணும்லா. கெழங்குகிட்ட மம்பட்டிய வச்சான், தோண்டணும்லா. புத்தியுள்ளவன் இப்படித்தான் வைப்பான்னும் சொன்னான். வந்தவங்களுக்கு அலுத்துப்போயி, சரி, ஒரு முட்டாள் எப்படி வைப்பான்னு கேட்டாக. உடனே திங்கிறதெல்லாம் ஒரு பக்கம், ஆயுதமெல்லாம் ஒரு பக்கம்! முழு மார்க்கு.

தெரியாமலா இருந்தான்? கேக்கிறவன் எதைப் புத்திங்கிறான்னு அவன் ஊகிக்கலை. நீ ஊகிச்சுட்ட. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான், இல்லைங்கல.

இன்னொண்ணு கேளு. கலிஃபோர்னியாவுல லூயிஸ் டெர்மன்னு ஒருத்தர், 1921-ல இந்த மாதிரி சோதனை வச்சு சுமார் 1,500 மேதைப் பிள்ளைகளைப் பொறுக்குனார். மார்க்கு பத்தாம கழிஞ்ச பயகள்ல ரெண்டு பேரு, வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். 1956-ல ஷாக்லிக்கும் 1968-ல ஆல்வரெஸுக்கும் இயற்பியல் நோபல். பொறுக்கி எடுத்த கூட்டத்துல ஒருத்தருக்கும் கெடைக்கலை. அந்த ஷாக்லியாவது புத்தி படிச்சாரா? தன்னைக் கழிச்சுவிட்ட அதே நம்பரைத் தூக்கிக்கிட்டு, கறுப்பின சனங்களுக்குப் பொறப்புலயே அறிவு கம்மின்னு மேடை மேடையாப் பேசித் திரிஞ்சார். இந்தக் கிறுக்கை எந்தப் பரீட்சைலே முன்கூட்டியே புடிக்கும்?

ஆகையால உன் 132 உன்கிட்டயே இருக்கட்டும். யாராவது கேட்டா காட்டு, எவனும் கேக்கமாட்டான். பொண்ணு பாக்கப் போற எடத்துல மட்டும் வாயைத் தொறந்துராத. அந்தப் பிள்ளைக்கு 140 இருந்துட்டுன்னா, காலம்பூரா உங்க தாத்தா மாதிரி தலையாட்டிக்கிட்டே இருக்கணும்.