வண்டி வந்தாச்சு, நம்பர் வரலை

வங்கியில் எனக்குப் பம்பாய்க்கு மாற்றல் உத்தரவு வந்தது 1984-இல். வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது, ஃபியட்டை என்ன செய்யப் போகிறாய் என்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாட்டுங்காவில் வாடகை வீடு, மெட்ராஸில் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது போன்ற சில்லறைக் கவலைகள் அதற்கு அப்புறம்தான் வந்தன.

காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது புரியும். மாருதி 800 அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வெளிவந்திருந்தது. தெருவில் ஒன்றைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து அதைச் செய்தியாகச் சொல்வார்கள். இங்கே விற்றுவிட்டு அங்கே போய் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்று இன்றைக்கு யாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னவருக்கு என் மனைவி இரண்டாவது காபி கொடுக்கவில்லை.

எங்களுடையது பிரீமியர் பத்மினி. பெயர் பத்மினி ஆகிப் பத்து வருஷம் ஆன பிறகும் ஊர் அதை ஃபியட் என்றே கூப்பிட்டது. அது பிறந்த இடம் பம்பாய் குர்லா. மாட்டுங்காவில் ரயில் ஏறினால் சயான் தாண்டி குர்லா. ஆக, நான் அதைப் பிறந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போகிறேன், நல்ல வரவேற்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படி அனுப்புவது என்பதில் ஊர் இரண்டுபட்டது. ரயிலில் போடுங்கள் என்றது ஒரு கட்சி. ஸ்கூட்டருக்கு அது பழகிய வழி. பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்கிவிட்டு, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டி, புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் எழுதிப் பார்சல் ஆபீஸில் தள்ளிவிட்டு வர வேண்டியது. கார் என்றதும் வேகன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. லாரி என்றது இன்னொரு கட்சி. கடைசியில் புதுப்பேட்டை மெக்கானிக் பாய் வழக்கை முடித்துவைத்தார்.

"சார், அதை எதிலயும் ஏத்தாதீங்க. நானே ஓட்டிட்டு வர்றேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. எனக்கும் ஹாஜி அலி தர்காவைப் பார்த்த மாதிரி ஆச்சு."

குடும்பம் பம்பாய் மெயிலில் போனது. காரின் டிக்கியில் அம்மி ஏறியது. லாரியில் போட்டால் குழவி தொலைந்துவிடும் என்பது என் மனைவியின் கட்சி. பின் சீட்டில் ஊறுகாய் ஜாடிகள், மாமியார் கொடுத்த வெண்கல உருளி, தண்ணீர்க் கேன்கள். பாயின் பையில் ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், காயில், டியூப். வழியில் எந்த ஊரில் வண்டி நின்றாலும் அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப் திறக்கலாம் என்கிற அளவுக்கு இருந்தது.

பழைய தேசிய நெடுஞ்சாலை 4, மெட்ராஸில் தொடங்கி ராணிப்பேட்டை, சித்தூர், பெங்களூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா, புனே என்று போய்ப் பம்பாயைத் தொடும். புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியிருப்போம். கருவேலங்காட்டுக்கு நடுவில் அந்த இடத்தை யார் கவனிப்பார்கள்? அதை ஞாபகமாக இங்கே குறித்து வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

வெயில் ஏறியதும் ஃபியட் தன் குணத்தைக் காட்டும். பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி திக்கித் திக்கி நிற்கும். மெக்கானிக்குகள் அதை ஏ.சி. பம்ப் என்பார்கள். வண்டியில் ஏ.சி. என்று இருந்தது அது ஒன்றுதான். பாய் பானெட்டைத் திறந்து அதன் தலையில் ஈரத்துணி போடுவார், ஒரு பீடி முடியும் வரை காத்திருப்பார், வண்டி கிளம்பும். சதாராவைத் தாண்டி கம்பாட்கி மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அதுவே குடித்தது. லாரிக்காரர்கள் நிறுத்தி உதவினார்கள். கண்டாலாவில் இறங்கும்போது பாய் ஹாரன் அடித்ததைவிட ஓதியது அதிகம்.

மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்ததும் ஆக்ட்ராய் நாகாக்கள். நகராட்சி எல்லைக்குள் வரும் சரக்குக்கு வரி. ஒரு நாகாவில் குமாஸ்தா டிக்கியைத் திறக்கச் சொல்லி, அம்மியைக் காட்டி மராத்தியில் ஏதோ கேட்டார். சரக்கா, சாமியா என்கிற சந்தேகம். பாய் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து சட்னி அரைத்துக் காட்டினார். குமாஸ்தா சிரித்து, ஜாடியில் இருந்த மாவடுவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். ஆக்ட்ராய் பண்டமாகவும் செலுத்தலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புறப்பட்டதிலிருந்து போய்ச் சேரும் வரை நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. யாரும் கவலைப்படவும் இல்லை. சேர்ந்த பிறகு மெட்ராஸில் இருந்த அப்பாவுக்கு ஒரு தந்தி. அதற்கு அவர் எழுதிய பதில் கார்டில் வண்டியின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டு அடுத்த வரியில் என்னை விசாரித்திருந்தார்.

பிறந்த வீட்டு வரவேற்பு நினைத்தபடி இல்லை. மெட்ராஸில் ஃபியட் வைத்திருப்பவர் பெரிய மனிதர். பம்பாயில் ஃபியட் என்றால் கறுப்பும் மஞ்சளும் அடித்த டாக்ஸி. என் வண்டியின் அக்கா தங்கைகள் அத்தனை பேரும் மீட்டர் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நம்பர் பிளேட் வேறொரு வேலை செய்தது. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் டி.எம். என்று தொடங்கும் நம்பரைப் பார்த்துவிட்டு, மாட்டுங்காவில் முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டி "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்கள். ஃபில்டர் டிகாஷன் போட நல்ல பொடி எங்கே கிடைக்கும், பஜனை எந்தக் கிழமை என்பதெல்லாம் அந்த நம்பரால் தெரிந்தது. அதனாலேயே அதை மாற்ற மனம் வரவில்லை. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். கெடு நெருங்கியபோது வாங்கினேன். ஒரு பெயிண்டர் வந்து, பழைய எழுத்தின் மேல் கறுப்பு அடித்து, காய்ந்ததும் புது எழுத்தை வரைந்துவிட்டுப் போனார். கதவு தட்டுவது அந்த வாரத்தோடு நின்றுபோனது.

இப்போது மகளின் கதை. குருகிராமில் வேலை, அங்கேயே வாங்கிய ஹூண்டாய், எச்.ஆர். 26 நம்பர். கம்பெனி சென்னைக்கு மாற்றியது. அவள் காலையில் விமானம் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். கார் வரவில்லை. அதை ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் கார் கேரியர் லாரியில் ஏற்றிக்கொண்டது. ஏற்றும் முன் காரைச் சுற்றிப் படம் எடுத்து ஒவ்வொரு கீறலையும் குறித்தார்கள். உள்ளே ஒரு குடை, ஒரு தலையணை இருக்கக் கூடாது. இன்சூரன்ஸ் காருக்கு மட்டும்தான். டேஷ்போர்டு பிள்ளையாரைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள், அவர் கைப்பையில் விமானத்தில் வந்தார். அம்மிக்கு இடமே இல்லை என்று என் மனைவி வருத்தப்பட்டாள். எங்கள் வீட்டில் அம்மி இல்லாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

வண்டி எங்கே இருக்கிறது என்பதை இப்போது செல்போனில் பார்க்கலாம். நீலப் புள்ளி ஒன்று ஆக்ரா, குவாலியர், ஜான்சி என்று இறங்கி வந்தது. நாக்பூரில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இட்லி சாப்பிடும்போது மகள் புள்ளியைப் பார்த்தாள், இரவு பல் தேய்க்கும்போதும் பார்த்தாள். கம்பெனிக்கு போன் செய்தால், புள்ளி லாரிக்கு உரியது, உங்கள் கார் யார்டில் வேறு லாரிக்கு மாறிவிட்டது, அது நிறைந்ததும் கிளம்பும் என்றார்கள். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்த என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கார் செய்யப்பட்ட இடம் இருங்காட்டுக்கோட்டை. நானும் பாயும் கவனிக்காமல் தாண்டிய அதே இடத்தில் 1998-இல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஆலை. அங்கே தயாராகும் புதுக் கார்களில் பல, வாலாஜாபாத் ஸ்டேஷனில் சரக்கு ரயிலேறி வடக்கே போகின்றன. அந்தப் பெட்டிகளில் பல, வயதாகி ஓய்வு பெற்ற பயணிகள் ரயில் பெட்டிகள். ஜன்னல்களை அடைத்து, கார் நுழைவதற்குக் கடைசியில் கதவு வைத்து மாற்றியவை. பெரம்பூரில் பிறந்த பெட்டிக்குள் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த கார். அந்த மரியாதை புதுக் காருக்கு மட்டும்தான். ஓடிய காரைத் தனியாளாக அதில் ஏற்ற முடியாது.

கடைசியில் கார் வந்தது. பழுதில்லை, தூசி மட்டும். பிறந்த ஊருக்கு வந்த அந்தக் காருக்கு இங்கே உரிமை கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பழைய 1939 மோட்டார் வாகனச் சட்டம் போய் 1988 சட்டம் வந்து, அது 1989 ஜூலையில் அமலானபோது ஊர் ஊராக நம்பர் எழுத்தெல்லாம் மாறியது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதக் கெடு அசையாமல் அப்படியே இருக்கிறது. மெட்ராஸிலிருந்து போன ஃபியட்டுக்கு என்ன அவகாசமோ, அதே அவகாசம்தான் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டே வந்த இந்தக் காருக்கும்.

வேண்டியவை: பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி.க்கு 28-ஆம் எண் படிவம், புது நம்பருக்கு 27-ஆம் எண் படிவம், வண்டி மேல் வழக்கில்லை என்று போலீஸ் சான்று, கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல். அதோடு சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்த பிரதி. செல்போனில் நாக்பூர் யார்டு வரை காட்டுகிற காலத்தில், காரின் அடையாளத்துக்கு நடராஜ் பென்சில்தான் கடைசி சாட்சி. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அப்புறம் வரி. அரியானாவில் கட்டியது முழு ஆயுளுக்கான சாலை வரி. மாநில எல்லையைத் தாண்டியதும் ஆயுள் முடிந்துவிடுகிறது. இங்கே மீண்டும் கட்ட வேண்டும். புது நம்பரைக் காட்டினால் மிச்ச ஆயுளுக்கான பணத்தை அங்கே திருப்பிக் கேட்கலாம். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2021 செப்டம்பரில் பி.எச். வரிசை நம்பர் வந்தது. அரசு ஊழியர்களுக்கு உண்டு. தனியார் என்றால் நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். மகளின் கம்பெனிக்கு மூன்றில்தான் இருக்கிறது. நாலாவதாக எங்கள் மொட்டைமாடியைத் தருகிறேன் என்றேன், மாடியும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது என்றாள்.

நம்பர் பிளேட் இப்போதும் ஆட்களைக் கூட்டி வருகிறது. டில்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேல் டீசல் காரும் பதினைந்துக்கு மேல் பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்று தடை வந்தது. அதனால் அங்கிருந்து பல கார்கள் மலிவு விலைக்குத் தெற்கே வந்தன. எங்கள் அடுக்ககத்தில் எச்.ஆர். நம்பரைப் பார்த்தவுடன் மூன்றாம் மாடிக்காரர் வந்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. "டில்லி வண்டியா? எவ்வளவுக்கு முடிச்சீங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் தன் மைத்துனரையும் கூட்டி வந்தார்.

போன மாதம் கிண்டி பக்கம் போகும்போது ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். மகள் கண்ணாடியை இறக்கினாள்.

"காடி கா பேப்பர் திகாவோ" என்றார், யோசித்து யோசித்து.

"ஆர்.சி.யா சார்? இந்தாங்க."

"தமிழாம்மா நீங்க? அப்புறம் ஏன் அரியானா நம்பரு?"

மாற்றல், என்.ஓ.சி., படிவம் எல்லாவற்றையும் அவள் சொன்னாள். நான் குனிந்து, "வண்டி இங்க இருங்காட்டுக்கோட்டையில செஞ்சதுதாங்க" என்றேன்.

அவர் காரின் முன்னால் போய்ப் பார்த்தார், பின்னாலும் போய்ப் பார்த்தார், காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதெல்லாம் சரிங்க பெரியவரே. நம்பரைச் சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க. இதைப் பார்த்தா நாங்கல்ல இந்தி பேச வேண்டியிருக்கு."