வேலை போன மறுநாள்

கேள்வி: குடியேறுவதற்கு உலகத்திலேயே சிறந்த நாடு எது? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: ஒரே சொல்லில் முடியாது தம்பி, ஒரே கேள்வியில் முடியும். "வேலை போன மறுநாள் இந்த நாட்டில் நான் யார்?" எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பதானாலும் முதலில் இதற்குப் பதில் தேடு. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் எடுத்துக்கொள்ளாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள். ஆஸ்திரேலியாவில் நிறுவனம் ஸ்பான்சர் செய்த வேலை விசா என்றால், 2024 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 180 நாள் வரை. கனடாவில் நிரந்தரவாசியாகவே போய் இறங்கியவரை, வேலை போனது என்பதற்காக யாரும் வெளியேறச் சொல்ல முடியாது. சம்பளம், சாலை, கடற்கரை எல்லாம் இதற்கு அப்புறம்.

கேள்வி: ஹெச்-1பி கிடைத்துவிட்டது. நாலைந்து வருஷத்தில் கிரீன் கார்டு வந்துவிடும் என்கிறார் அங்கே இருக்கும் என் மச்சான். நம்பலாமா?
— மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: மச்சான் எந்த வருஷம் போனார் என்று முதலில் கேளுங்கள். அவர் காலத்துக் கணக்கு உங்களுக்குச் செல்லாது. வேலை வழியாக அமெரிக்கா ஆண்டுக்குத் தருவது ஏறக்குறைய 1,40,000 கிரீன் கார்டு. மனைவி, மக்களும் அந்த எண்ணிக்கைக்குள்தான் வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. அதனால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கு மேல் பின்தங்கிக் கிடக்கிறது.

எனக்கு வேதனை தருவது பெரியவர்களின் காத்திருப்பு அல்ல. இரண்டு வயதில் அப்பா அம்மாவோடு போன பிள்ளை அங்கேயே படித்து வளர்கிறது. 21 வயது ஆனதும், பெற்றோர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே, அந்தப் பிள்ளை வரிசையிலிருந்து கழன்றுவிடுகிறது. இந்தியாவைப் பள்ளி விடுமுறையில் மட்டுமே பார்த்த பிள்ளை அது. இனி மாணவர் விசாவுக்கு அலைய வேண்டும், அல்லது தெரியாத ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆகவே சம்பாதிக்கவும் தொழில் கற்கவும் அமெரிக்கா போங்கள். பிள்ளைகளோடு வேரூன்றத்தான் போகிறீர்கள் என்றால், இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு வழி உண்டு. அமெரிக்க அரசு பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. உங்கள் மனைவி குவைத்திலோ கொழும்பிலோ பிறந்தவராக இருந்தால், அந்த நாட்டு வரிசையில் நீங்களும் நிற்கலாம். வழக்கறிஞரிடம் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: நான் பி.காம்., தனியார் நிறுவனத்தில் கணக்கர். மனைவி பி.எஸ்சி. நர்சிங். யார் பெயரில் விண்ணப்பிப்பது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: மனைவி பெயரில். இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. 2023 முதல் கனடா தனித் துறைகளுக்கென்று தனிச் சுற்றுகள் வைத்து ஆட்களை அழைக்கிறது. அதில் மருத்துவத் துறை ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் செவிலியருக்குத் தட்டுப்பாடு. ஜெர்மனி என்றால் பெரும்பாலும் பி2 நிலை வரை ஜெர்மன் படிக்க வேண்டும். எங்கே போனாலும் விசா வேறு, அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் பதிவு வேறு. பதிவுக்கான வேலையை முதலில் தொடங்கச் சொல்லுங்கள். நீங்கள் சும்மா இருக்க வேண்டாம், ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுங்கள். கனடாவில் துணைவரின் ஆங்கிலத்துக்கும் புள்ளி உண்டு. "பொண்டாட்டி விசாவில் போறான்" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும். உங்கள் வீட்டில் உலகம் கேட்டு வாங்கும் படிப்பைப் படித்தவர் அவர்தான், அதில் உங்களுக்குப் பெருமை இருக்க வேண்டும்.

கேள்வி: கனடா குளிரை நம்மவர்கள் தாங்குவார்களா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் டொராண்டோவில் கடை வைத்து, கோயில் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்கிறார்கள். குளிருக்கு ஜாக்கெட் கிடைக்கும். அந்த ஊர் வாடகைக்குத்தான் மருந்தில்லை, அதை விசாரியுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?
— பி.இ. இறுதியாண்டு மாணவி, ஈரோடு

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அப்படி வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. கட்டணமே இல்லாத இடத்திலும் சாப்பாடும் வாடகையும் உண்டல்லவா? அதற்காக ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ. மாதாமாதம் அதிலிருந்து ஒரு பங்குதான் எடுக்க முடியும். நம் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். "சீட் உறுதி" என்று சொல்லும் கன்சல்டன்சி உங்களை அனுப்பப் பார்ப்பது தனியார் கல்லூரிக்கா, அரசுப் பல்கலைக்கழகத்துக்கா என்று பாருங்கள். தனியாரில் கட்டணம் ஆயிரக்கணக்கான யூரோ.

ஆங்கிலத்தில் முதுகலை முடித்துவிடலாம். வேலை தேடும்போதுதான் ஜெர்மன் தெரியாதது உறைக்கும். ஈரோட்டிலிருந்தே தொடங்குங்கள் அம்மா. இங்கே ஆறு மாதம் படித்தது அங்கே போய்ப் பதறுவதிலிருந்து காப்பாற்றும்.

கேள்வி: லண்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படித்தால் மனைவியையும் அழைத்துப்போய் அங்கேயே தங்கிவிடலாம் என்கிறார்களே?
— வாசகர், சேலம்

பதில்: பழைய விதியைச் சொல்கிறார்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் படிப்பு என்றால், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மனைவியை அழைத்துப் போக முடியாது. திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. படித்து முடித்த புதியவர்களுக்குச் சற்றுச் சலுகை உண்டு. அதற்கு மேல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம். மாணவருக்கு அது 776. தங்குவது நிச்சயம் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: என் தம்பி எட்டாவதுதான் படித்தான். வெல்டிங் நன்றாகத் தெரியும். சவூதிக்கு அனுப்ப ஒன்றரை லட்சம் கேட்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?
— வாசகி, இராமநாதபுரம்

பதில்: கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்பவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்றிருக்கும். அப்படிப்பட்டவர் சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. அந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் தம்பியின் சம்பளம் என்ன, முதலாளி யார் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கும் ஒரே இடம் அதுதான். அதோடு பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

"இப்போ விசிட் விசா, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 2022-இல் டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டி அடிபட்டார்கள். அவர்கள் படித்த பிள்ளைகள்.

இன்னொன்று. வளைகுடாவில் எத்தனை வருஷம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை வராது. அது குடியேறும் நாடல்ல, சம்பாதித்துத் திரும்பும் நாடு. எந்த வருஷம் திரும்புவது, அதற்குள் எவ்வளவு சேர்ப்பது என்று தம்பியும் நீங்களும் உட்கார்ந்து பேசிவிட்டு அனுப்புங்கள். அனுப்புகிற பணம் முழுவதும் வீட்டுச் சுவராகிவிடாமல் அவன் பெயரில் கொஞ்சம் வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா பாட்டி 1970-களில் இலங்கை மலையகத்திலிருந்து "தாயகம் திரும்பியோர்" என்று வந்தவர்கள். நாட்டைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வழி இருந்ததா?
— தேயிலைத் தொழிலாளி மகள், கோத்தகிரி

பதில்: விண்ணப்பப் படிவம் இருந்தது. எண்ணிக்கையை வேறு யாரோ முன்பே முடிவு செய்திருந்தார்கள். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். உங்கள் தாத்தா பாட்டியைப் போன்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக, அதுவரை பார்த்தே இராத "தாயகத்துக்கு" வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவென்று 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலை பறிக்கவே பிறந்தவர்கள் போல அதே கூடையை மறுபடியும் தோளில் மாட்டினார்கள்.

அவர்களுக்கு நேர்ந்தது அநியாயம். வீட்டில் அவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் பிள்ளைக்குப் பிறப்பு, குடியுரிமை பற்றிய கேள்வி வந்தால் அந்தக் காகிதம் பேசும்.

கேள்வி: நான் ஒரே பெண். அப்பா இல்லை. முதலில் நான் போய்விட்டு அம்மாவைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எந்த நாடு இதற்கு ஏற்றது?
— வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: "பிறகு" என்பதை நம்பித்தான் பலர் கண்ணீர் விடுகிறார்கள். நீங்கள் போகுமுன்பே கேட்டது நல்லது.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கு நிரந்தர விசா வேண்டுமானால் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியமான சோதனை. ஒரே பெண் என்பதால் நீங்கள் தேறுவீர்கள். ஆனால் பணம் அதிகம் கட்டாத வரிசை பல பத்தாண்டு நீளம். கட்டும் வரிசைக்கு ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், அதிலும் பல ஆண்டு காத்திருப்பு. பிரிட்டனில், அம்மாவுக்கு அன்றாடப் பராமரிப்பு தேவைப்பட்டு அது இந்தியாவில் கிடைக்கவே இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அநேகமாக முடியாது. அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற பிள்ளை பெற்றோரை உச்சவரம்பு இல்லாமல் அழைக்கலாம். ஆனால் அந்தக் குடியுரிமைக்கு முன்னால் கோவை வாசகருக்குச் சொன்ன வரிசை நிற்கிறது. கனடாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைப்பது சுலபமல்ல. ஆனால் அங்கே சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், வயது ஏற ஏற அதன் விலையும் ஏறும். உங்கள் நிலைமைக்கு நடைமுறையில் கைகொடுப்பது இதுதான்.

அம்மாவிடம் கேட்டீர்களா? முதலில் மூன்று மாதம் அழைத்துப்போய் இருக்கவையுங்கள், ஒரு வாரமாவது பனிக்காலத்தில் விழட்டும். நீங்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் பேச ஆளில்லாத அடுக்ககத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கும் உங்கள் திட்டத்தில் இடம் வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால் தஞ்சாவூரில் இருக்கும் நஞ்சை நிலம் போய்விடுமா?
— வாசகர், மெல்போர்ன்

பதில்: போகாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஆகவே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வருவதையும் பெறலாம். புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் போட முடியாது. ஓட்டுதான் பெரிய இழப்பு என்பேன்.

கேள்வி: பிள்ளைகள் தமிழை மறக்கக் கூடாது. சிங்கப்பூர் சரிதானே?
— வாசகி, காரைக்குடி

பதில்: தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். அந்த வகையில் அதற்கு ஈடு இல்லை. மகன் இருக்கிறானா? உங்கள் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். அவனுக்கு விவரம் தெரியும் வயதென்றால் அவனையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: வயது 44. பதினைந்து வருஷ அனுபவம் உள்ள சிவில் இன்ஜினீயர். கனடாவா, ஆஸ்திரேலியாவா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.
— வாசகர், திருச்சி

பதில்: யோசித்தது போதும். கனடாவில் 20 முதல் 29 வயதுக்கு, தனியாக விண்ணப்பித்தால், 110 புள்ளி. 44-க்கு வெறும் 6. 45 ஆனால் அதுவும் இல்லை. ஏதாவது ஒரு மாகாணம் உங்களை நியமித்தால் 600 புள்ளி சேரும், அதுதான் அங்கே உங்கள் வழி. ஆஸ்திரேலியாவில் புள்ளி முறையில் அழைப்பு வரும் நாளில் 45 முடிந்திருக்கக் கூடாது. உங்கள் வயதுக்கு 15 புள்ளி இன்னும் இருக்கிறது, அடுத்த பிறந்தநாள் வரை. பட்டத்தையும் அனுபவத்தையும் மதிப்பிட அங்குள்ள பொறியாளர் அமைப்புக்கு இந்த வாரமே அனுப்புங்கள். ஆங்கிலத் தேர்வுக்கு இன்றைக்கே தேதி போடுங்கள். பழைய நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழ்தான் எல்லாருக்கும் தாமதமாகும், நாளைக் காலை முதல் போன் அதற்காக இருக்கட்டும்.