குரல் வளம் உள்ளவருக்கு மாதம் ஆறு நாள்

புதுச்சேரியில் ஒருவரிடம் "உங்க குரல் ரேடியோவுக்கே பொறந்த குரல்" என்று சொல்வது ஆபத்து. அடுத்த வாரமே அவர் கோரிமேட்டுப் பக்கம் போய், வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் தேர்வு எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். என் மைத்துனர் மகனிடம் அப்படிச் சொன்னவள் அவனைப் பெற்றவள். சும்மா இருக்குமா பிள்ளை?

"மாமா, ஆர்ஜே ஆகப்போறேன்."

"ஆகாசவாணியிலா, தனியார் எஃப்.எம்.மிலா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அங்கே மூச்சு விடுற சத்தம் கேட்கக்கூடாது. இங்கே மூச்சே விடக்கூடாது."

எங்கள் காலத்தில் புகழ் கடல் தாண்டி வந்தது. மத்திய அலை உப்புத் தண்ணீர் மேல் சுகமாகப் பயணம் செய்யும். அதனால் இலங்கை வானொலி முத்தியால்பேட்டைத் திண்ணை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசும் வேகத்தைக் கேட்டுத் தெருவில் பாதிப் பையன்கள் அவர் மாதிரியே பேசினார்கள். பரீட்சையில் மட்டும் வேகம் வரவில்லை. பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி வந்த பிறகு, வீட்டில் உப்பு கேட்டால்கூட 'உ'வில் ஒரு பாட்டு வந்தது.

புதுச்சேரிக்குச் சொந்த நிலையம் வந்தது 1967 செப்டம்பர் 23 அன்று. அதன் பிறகு நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டே பிரபலமானவர்கள் இங்கே உண்டு. அட்டையை வாசித்த அறிவிப்பாளர் பெயர் மறந்துபோகும். வில்லியனூரிலிருந்து வாராவாரம் பாட்டு கேட்டவர் பெயர் மறக்காது. செலவே இல்லாமல் புகழடையும் வழி அதுதான் என்பது என் கட்சி.

பையனுக்கு இதில் திருப்தி இல்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சொன்னேன். வேளாண்மை படித்தவர், விவசாய நிகழ்ச்சிகளில் தொடங்கி, சென்னை வானொலியின் 'இன்று ஒரு தகவல்' வழியாக வீட்டுக்கு வீடு போனவர். குரலில் தேன் ஒழுகவில்லை. கிராமத்துப் பெரியவர் திண்ணையில் பேசுகிற மாதிரி நிதானம். நகைச்சுவை சொல்வார், தான் சிரிக்கமாட்டார். ராஜாவின் வேகத்தை யாரும் காப்பியடிக்கலாம். தென்கச்சியின் நிதானத்தைக் காப்பியடித்துப் பார்த்தால் தூக்கம்தான் வரும்.

"சம்பளம் மாமா?"

ஆகாசவாணியில் பகுதிநேர அறிவிப்பாளருக்கு மாதம் ஆறு நாள் வேலை. மீதி நாள்களில் அந்தப் பிரபலம் சாப்பிட வேறு ஏற்பாடு வேண்டும். தனியார் எஃப்.எம்.மில் நாளெல்லாம் பேசலாம்; ஆனால் சொந்தமாகச் செய்தி மட்டும் சொல்லக்கூடாது, சட்டம். ஊரில் மழை கொட்டினால் "வெளியில சூப்பர் கிளைமேட்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பையன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணியில் வாய்ப்பு கேட்கலாமா என்று யோசிக்கிறான். நல்ல யோசனை. மற்ற தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு வேலையைப் பிடித்து வையுங்கள். அப்படியே ழகரத்தையும்.